அப்பாவோட பழைய லேப்டாப்: எஃப்11 அமுக்கலாமா, வேண்டாமா?

மீனா_காரைக்குடி:

வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பாவுக்கு 76 வயசு. தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். 2012 பொங்கல் சமயத்துல திருச்சிக்குப் போய் அவருக்கு ஒரு ஹெச்பி பெவிலியன் ஜி6 வாங்கிக் கொடுத்தோம். ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அடியில விண்டோஸ் 7 ஹோம் பேசிக்னு ஸ்டிக்கர் இருக்கு. கீ நம்பர் பாதி அழிஞ்சு போச்சு. மடியில வச்சு வச்சே தேய்ச்சுட்டார்.

2016-ல திரையோட வலது மூலையில வெள்ளையா ஒரு ஜன்னல் படம் வந்து, "விண்டோஸ் 10 இலவசம், இலவசம்"னு தினமும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. லீவுக்கு வந்த தம்பி "சரி"ன்னு அமுக்கிட்டான். ஒரு ரெண்டு வருஷம் அதுல ஓடுச்சு. அப்புறம் ஆன் பண்ணிட்டு, குளிச்சுட்டு, பூஜை முடிச்சுட்டு வந்தாத்தான் ரெடியா இருக்கும்ங்கிற நிலைமை. 2018-ல ஒரு கடையில கொடுத்தோம். திரும்பவும் விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தாங்க. ஆனா ஹோம் பேசிக் இல்ல, அல்டிமேட்ங்கிற வேற பதிப்பு. அப்போ எனக்கு வித்தியாசம் தெரியல. இப்போ பின்புலம் கறுப்பாயிடுச்சு, மூலையில "இந்த விண்டோஸ் அசல் அல்ல"ன்னு எழுத்து. குரோம் 109-லயே நின்னுடுச்சு. பேங்க் சைட் திறக்கவே மாட்டேங்குது.

பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவனுக்கும் தாத்தாவுக்கும் பொதுவா இதையே சரி பண்ணிடலாம்னு பார்க்கிறேன். என் யோசனை இதுதான்: முதல்ல வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஃபேக்டரி நிலைக்குக் கொண்டு போறது. அப்புறம் அங்கேயிருந்து விண்டோஸ் 10 அல்லது 11. ஆன் பண்ணும்போது எஃப்11 அமுக்கணும்னு படிச்சேன். பத்து தடவை அமுக்கிப் பார்த்துட்டேன், ஒன்னும் வரல, நேரா விண்டோஸ்தான் வருது. "ரெக்கவரி"ன்னு பேர் போட்ட ஒரு டி டிரைவ் இருக்கு, சிவப்புக் கோடு காட்டுது. போன வாரம் வேற ஒரு கடையில கேட்டேன். "அது வேஸ்ட்டு, டெலீட் பண்ணிட்டா இடம் கிடைக்கும்"னாங்க.

இன்னொன்னு. அப்பா பதினாலு வருஷமா இதுல எழுதிக்கிட்டு இருக்கார். சுத்துப்பட்டு ஊர்க் கோயில் வரலாறு, கிழவிங்க சொன்ன பழமொழி, தாலாட்டு, இப்படி 400 கோப்புக்கு மேல. எல்லாம் வேர்ட் 2003-ல, பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்டுல. "என்ன வேணா பண்ணு, என் எழுத்து போயிடக் கூடாது"ன்னு சொல்லிட்டார். எஃப்11-ஐ எப்படி வேலை செய்ய வைக்கிறது?

கொங்கு_சுரேஷ்:

ஏனுங்க, பதினாலு வருசப் பெட்டிக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு? விண்டோஸை உட்டுட்டு லினக்ஸ் மின்ட் 22-ங்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டு உடுங்க. 2029 வரைக்கும் அப்டேட் வரும், லைசென்ஸ் தொல்லையும் இல்ல. எங்கூட்டுல இதைவிடப் பழசு ஒன்னு அதுலதான் ஓடுது.

பழைய_மெக்கானிக்:

அக்கா, எஃப்11 வேலை செய்யலைன்னு சந்தோஷப்படுங்க. வேலை செஞ்சிருந்தா இந்நேரம் அப்பா கோப்பு அத்தனையும் போயிருக்கும். அது சி டிரைவை மொத்தமா அழிச்சுட்டு, 2012-ல கம்பெனியில வச்சு அனுப்பின விண்டோஸை அப்படியே மேல கொட்டும். நடுவுல பேக்கப் எடுக்கவான்னு ஒரு தடவை கேட்கும், அவசரத்துல யாரும் படிக்கிறதில்ல. நான் மதுரையில 19 வருஷமா சர்வீஸ் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். எஃப்11 அமுக்கிட்டு அழுதுக்கிட்டே வந்தவங்களை எண்ணி முடியாது. அதனால இனிமே அந்தக் கீ மேல விரலே வைக்காதீங்க.

ஏன் வேலை செய்யலைன்னும் சொல்லிடுறேன். கடையில அல்டிமேட் போட்டப்ப டிஸ்க்கோட தலையில இருக்கிற பூட் பகுதியைப் புதுசா எழுதியிருப்பாங்க. எஃப்11-ஐப் பிடிச்சு ரெக்கவரிக்குத் திருப்பி விடுற வேலை அங்கேதான் இருந்துச்சு, அது போச்சு. டி டிரைவுல அந்த ஃபேக்டரி விண்டோஸ் சரக்கு இன்னும் இருக்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய்ப் பாருங்க. அந்த மாடல்ல நாலு பகுதி இருக்கும்: சிஸ்டம்னு குட்டியா ஒன்னு, சி, ரெக்கவரி, ஹெச்பி டூல்ஸ். பழைய முறையில நாலுக்கு மேல பிரைமரி போட முடியாது. அதனால சில பேர் "ஈ டிரைவ் வேணும்"னு கஸ்டமர் கேட்டவுடனே டிஸ்க்கையே டைனமிக்கா மாத்திடுவாங்க. அப்படி மாத்தியிருந்தா ரெக்கவரியை மறந்துடுங்க. டிஸ்க் வகை பேசிக்னு இருந்தா அந்த ரெக்கவரி பகுதியை ஆக்டிவ் ஆக்கி அதுல இருந்தே பூட் பண்ண வழி இருக்கு, நானே செஞ்சிருக்கேன். ஆனா இப்போ அதைச் சொல்லித் தர மாட்டேன். ஏன்னா உங்களுக்கு அது தேவையே இல்ல.

"முதல்ல ஃபேக்டரி, அப்புறம் அப்கிரேடு"ங்கிறது 2015, 16-ல சரியான யோசனை. அப்போ அசல் 7 இருந்தாத்தான் 10 இலவசமா கிடைக்கும். அதனால நாங்களே திருட்டு விண்டோஸ் போட்ட மெஷினை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், அங்கேயிருந்து 10-க்கு ஏத்துவோம். இப்போ அந்தக் கதவு மூடியாச்சு. 7, 8 கீயை வச்சு 10, 11-க்கு இலவசமா வர்ற வழியை நிறுத்திட்டோம்னு 2023 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்டே சொல்லிடுச்சு.

ஆனா உங்க தம்பிக்கு ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் கொடுங்க. 2016-ல அவர் "சரி" அமுக்கினாரே, அன்னைக்கே இந்த மதர்போர்டோட அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வர்ல பதிவாயிடுச்சு. அதுக்குப் பேர் டிஜிட்டல் லைசென்ஸ். மேல அல்டிமேட் போட்டாலும் சரி, ஹார்ட் டிஸ்க்கையே மாத்தினாலும் சரி, அது அழியாது. மதர்போர்டு மாத்தினா மட்டும்தான் போகும். அதனால நேரா விண்டோஸ் 10 ஹோம் புதுசா போட்டு, கீ கேட்கும்போது "என்கிட்ட கீ இல்ல"ன்னு குடுத்துட்டு, நெட் இணைச்சா தானா ஆக்டிவேட் ஆகணும். இதுவரைக்கும் மதர்போர்டு மாத்தியிருக்கீங்களா?

11 வேண்டாம். அதுக்கு இன்டெல் எட்டாம் தலைமுறை, டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி எல்லாம் வேணும், உங்களது இரண்டாம் தலைமுறை. குறுக்கு வழியில ஏத்துற வீடியோ நிறைய இருக்கு. அப்படி ஏத்தினது அடுத்த பெரிய அப்டேட்ல நின்னு என் பெஞ்சுக்கு வர்றதும் நிறைய. 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சது நிஜம்தான். ஆனா கூடுதல் பாதுகாப்பு அப்டேட்னு 2026 அக்டோபர் 13 வரைக்கும் தர்றாங்க. மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணினா காசு இல்ல. அதுவரைக்கும் ஓட்டலாம். அப்புறம் சுரேஷ் தம்பி சொன்ன மின்ட். அதுக்கு நான் எதிரி இல்ல, ஆனா 76 வயசுல வேர்ட் மெனுவை மாத்தினா திட்டு உங்களுக்குத்தான் விழும்.

அப்படியே ஃபேக்டரிக்குப் போனா மட்டும் என்ன கிடைக்கும்னு நினைக்கிறீங்க? காலாவதியான ஆன்ட்டிவைரஸ் டிரையல், எந்த சைட்டும் திறக்காத இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், விளையாட்டு டெமோ. அப்டேட் தேடுற பச்சைக் கோடு விடிய விடிய ஓடும், ஒன்னும் வராது. 2020-ல எஸ்ஹெச்ஏ-1ங்கிற பழைய டிஜிட்டல் கையெழுத்து முறையில அப்டேட் தர்றதை நிறுத்திட்டாங்க. கேபி4490628, கேபி4474419ங்கிற ரெண்டு அப்டேட்டையும் கையால போட்டாத்தான் அந்த விண்டோஸுக்குக் கண்ணே தெரியும். அதை எல்லாம் பண்ணி முடிச்சுட்டு எதுக்கு? அழிக்கிறதுக்கா?

இப்போ முக்கியமான வேலைக்கு வாங்க. ரெண்டு விஷயம்.

ஒன்னு, கோப்போட சேர்த்து ஃபான்ட்டையும் எடுங்க. எல்லாரும் "மை டாக்குமென்ட்ஸ்" எடுத்துட்டு முடிஞ்சதுன்னு நினைப்பாங்க. பாமினிங்கிறது சி டிரைவுல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்ல உட்கார்ந்திருக்கும். அது இல்லாம அப்பா கோப்பைத் திறந்தா "தமிழ்"ங்கிற இடத்துல ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு ஆங்கில எழுத்துதான் நிக்கும். எழுத்து போகாது, ஆனா போன மாதிரிதான். பாமினி மட்டும்தானா, தலைப்புக்கு வேற ஃபான்ட் ஏதும் போட்டிருக்காரான்னு அப்பாவையே உட்கார வச்சுக் கேளுங்க.

ரெண்டு, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற செயலியைப் போட்டு ஹார்ட் டிஸ்க் நிலைமையைப் பாருங்க. 05 (கெட்டுப்போனதுக்குப் பதிலா வேற இடம் மாத்தினது), சி5 (படிக்கத் திணறுற இடம்) ரெண்டு வரிசையிலயும் கடைசிக் கட்டத்துல என்ன நம்பர்னு இங்கே எழுதுங்க. அதுவரைக்கும் வேற எதுவும் செய்யாதீங்க.

மீனா_காரைக்குடி:

அண்ணே, படிச்சுட்டு கை நடுங்கிப் போச்சு. பத்து தடவை அமுக்கியிருக்கேன்!

மதர்போர்டு மாத்தல. ஃபேன் மட்டும் ஒரு தடவை மாத்தினோம். டிஸ்க் பேசிக்னுதான் இருக்கு, நீங்க சொன்ன நாலு பகுதியும் அப்படியே இருக்கு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல மஞ்சள் கட்டம், "எச்சரிக்கை"ன்னு காட்டுது. 05-ல எல்லாம் பூஜ்யம். சி5-ல நிறைய பூஜ்யத்துக்கு அப்புறம் 18-னு இருக்கு. 18 பெரிய நம்பரா?

அப்பாவைக் கேட்டேன். பாமினி தவிர தலைப்புக்கு ரெண்டு ஃபான்ட் போட்டிருக்காராம். பேர் தெரியலயாம். "குண்டா இருக்குமே, அது"ன்னார்.

பழைய_மெக்கானிக்:

அந்தக் கட்டத்துல காட்டுறது பதினாறின் அடிமான எண் அக்கா. 18-னா நம்ம கணக்குக்கு 24. அதாவது 24 இடத்துல படிக்க முடியாம டிஸ்க் திணறி, "அப்புறம் பார்த்துக்கலாம்"னு ஒதுக்கி வச்சிருக்கு. மெஷின் மெதுவா இருந்ததுக்குப் பாதிக் காரணம் இதுதான், விண்டோஸ் மேல பழி போட்டுட்டோம். இந்த டிஸ்க் மேல ஃபேக்டரி ரெக்கவரி ஓட்டுனா மொத்த டிஸ்க்கையும் உழுத மாதிரி ஆகும், பாதியில படுத்துடும்.

செய்ய வேண்டியது: ஒரு பென் டிரைவ் போட்டு முதல்ல அப்பா கோப்பு, அடுத்து ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுசா. குண்டா இருக்கிறது எதுன்னு அப்புறம் தேடிக்கலாம். கடைசியாத்தான் போட்டோ, பாட்டு. ஏதாவது ஒரு கோப்புல நின்னுடுச்சுன்னா மல்லுக்கட்டாதீங்க, அதைத் தாண்டிப் போங்க, பேரை மட்டும் எழுதி வைங்க. செக்டிஸ்க்னு விண்டோஸ்ல டிஸ்க்கைச் சரிபார்க்கிற கருவி இருக்கு, அதை ஓட்டவே ஓட்டாதீங்க, சரி பண்றேன்னு இருக்கிறதையும் குதறிடும்.

எடுத்து முடிச்சதும் டிஸ்க்கைக் கழட்டிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலுற தகடு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்னு வாங்கி மாட்டுங்க, ரெண்டரை இஞ்ச், சாட்டா இணைப்பு. அதுல புதுசா 10. பழைய டிஸ்க்கை அழிக்காதீங்க, யார்கிட்டயும் கொடுக்காதீங்க. காகித உறையில போட்டுத் தேதி எழுதி பீரோவுல வைங்க. அந்த டி டிரைவ் ரெக்கவரி அதுலயே இருக்கட்டும். ராமும் டிடிஆர்3-ல 4 ஜிபி கூட்டிட்டா பையனுக்கும் போதும்.

வல்வெட்டித்துறையான்:

அக்கா, யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். பாமினி எண்டதும் வாசிக்காமல் போக ஏலாமல் போச்சு. எங்கட அப்பாவும் பாமினிதான், இஞ்ச அந்தக் காலத்தில அச்சகம், கந்தோர் எல்லாம் அதுதானே.

மெக்கானிக் அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். எல்லாத்தையும் யூனிகோடுக்கு (இப்ப எல்லாக் கணினியிலயும் பாவிக்கிற பொது எழுத்து முறை) மாத்த வேணும் எண்டு நினைச்சால் அவசரப்படாதையுங்கோ. என்ஹெச்எம் கன்வேட்டர் மாதிரி மாத்துற செயலி இருக்கு, நல்லா வேலை செய்யும். ஆனால் நடுவில ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழெண்டு நினைச்சு மாத்திப்போடும். அப்பா ஆங்கிலத்தில அடிச்ச ஆக்களின்ர பேர், புத்தகப் பேர் எல்லாம் எங்கட கோப்பில அலங்கோலமாப் போச்சுது. நான் அதைக் கண்டுபிடிக்கேக்க முந்நூறு பக்கம் மாத்தி முடிஞ்சுது. எப்பவும் பிரதி ஒண்டை மட்டும் மாத்துங்கோ, மூலத்தைத் தொடாதையுங்கோ. வேர்ட் 2003-இல டூல்ஸ், ஒப்ஷன்ஸ், சேவ் எண்ட இடத்தில எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிஞ்சு வைக்கிற தெரிவு இருக்கு. முக்கியமான பத்துப் பதினைஞ்சு கோப்புக்கு அதைப் போட்டு வையுங்கோ.

மீனா_காரைக்குடி:

ஒன்பது நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

கோப்பு எடுக்க ஒரு முழு ராத்திரி ஆச்சு. 412-ல ரெண்டு மட்டும் வரல. ஒன்னு 2014-ல பால்காரர் கணக்கு, அது போனாப் போகட்டும். இன்னொன்னு ஒரு தாலாட்டு. அப்பா கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் உள்ளே போய் நோட்டை எடுத்துட்டு வந்தார், கையில எழுதினது இருக்காம். திரும்ப அடிச்சுக்கிறேன்னார்.

எஸ்எஸ்டி, ராம் ரெண்டும் வாங்கி நானே மாட்டினேன். பின்மூடி திறக்க வீடியோ பார்த்தேன், பையன் டார்ச் பிடிச்சான். பக்கத்து வீட்டு லேப்டாப்புல விண்டோஸ் 10 பென் டிரைவ் தயார் பண்ணிக்கிட்டேன். "கீ இல்ல"ன்னு குடுத்து ஹோம் தேர்ந்தெடுத்தேன். வைஃபை போட்டதும் ஆக்டிவேஷன் பக்கத்துல போய்ப் பார்த்தா இல்லைன்னு காட்டுச்சு. வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி இருந்துச்சு. ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டு டிரபிள்ஷூட் அமுக்கினேன், "டிஜிட்டல் உரிமத்துடன் செயல்படுத்தப்பட்டது"ன்னு வந்துடுச்சு. தம்பிக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "நான் எது பண்ணினாலும் பத்து வருஷம் முன்னாடியே யோசிச்சுத்தான் பண்ணுவேன்"னான்.

இப்போ பொத்தானை அமுக்கி, நான் தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள திறந்துடுது.

ஆனா நேத்து ஒரு கூத்து. பாமினியை ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தேன், என் கணக்குல கோப்பெல்லாம் அழகா திறந்துச்சு. அப்பாவுக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்து அவர் திறந்தா, நீங்க சொன்ன அதே ஜே கே பி ஓ. "எல்லாம் போச்சா"ன்னு அவர் கேட்ட குரல் இன்னும் காதுல இருக்கு. ஒரே மெஷின், ஒரே கோப்பு, எனக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல. என்ன அண்ணே இது?

பழைய_மெக்கானிக்:

பயப்படாதீங்க. பழைய விண்டோஸ்ல ஃபான்ட் போட்டா எல்லாருக்கும் பொதுவா போகும். 10-ல 2018 கடைசியில வந்த பதிப்புல இருந்து "இன்ஸ்டால்"னு மட்டும் குடுத்தா, யார் கணக்குல போட்டீங்களோ அவங்களுக்கு மட்டும்தான். அதே ரைட் கிளிக்ல "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்"னு கீழே இன்னொன்னு இருக்கும். மூணு ஃபான்ட்டுக்கும் அதைக் குடுத்துட்டு, வேர்டை மூடித் திறக்கச் சொல்லுங்க.

மீனா_காரைக்குடி:

வந்துடுச்சு! குண்டு ஃபான்ட் உட்பட. அப்பா ஒவ்வொரு கோப்பா திறந்து மூடிக்கிட்டு இருக்கார், சாப்பிடக் கூப்பிட்டா வரல.

கடைசியா ஒன்னே ஒன்னு. கீபோர்டுல எஸ் கீ ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, அழுத்தி அமுக்கினாத்தான் விழுது. பையன் அது பரவாயில்லைங்கிறான். ஆனா பாமினியில அப்பாவுக்கு அதுதான் "ள". ஒரு மாசமா "அவர்கள்"னு எழுத வேண்டிய இடத்துல எல்லாம் "அவர்"னு எழுதிச் சமாளிச்சுக்கிட்டு இருந்திருக்கார், இன்னைக்குத்தான் சொல்றார். அந்த ஒரு கீ மட்டும் கிடைக்குமா, இல்ல முழுக் கீபோர்டும் மாத்தணுமா?

பழைய_மெக்கானிக்:

தனிக் கீ தேடி அலையாதீங்க, அடியில இருக்கிற கிளிப் உடைஞ்சிருக்கும். ஜி6 கீபோர்டு முழுசாவே கிடைக்கும், ஆனா அதுல ரெண்டு மூணு வகை இருக்கு. பழையதைக் கழட்டி முதுகுல இருக்கிற பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் அப்பாவை "அவர்கள்" இல்லாத ஊர் வரலாறு எதையாவது எழுதச் சொல்லுங்க.